40 சென்ட் பூங்கா: புதரை விடலாமா, பேவர் பிளாக் போடலாமா?

தாம்பரத்தான்

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா வரும் பொறுத்துக்குங்க. நாங்க இருக்கறது தாம்பரத்துக்குத் தெற்கால ஒரு லேஅவுட், 80 வீடு. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல மனை போட்டா 10 சதவீதம் பொது இடமா விட்டாகணும்ல, அப்படி விட்ட ஓஎஸ்ஆர் இடம் ஒரு 40 சென்ட் பதினஞ்சு வருஷமா சும்மா கிடந்துச்சு. இப்ப சங்கம் தத்தெடுத்து பார்க் ஆக்கறதா எழுதிக் கொடுத்துட்டோம். ஒப்பந்தக்காரர் ஒருத்தர் வரைபடமும் போட்டுட்டு வந்துட்டார். சுத்தி பேவர் பிளாக் நடைபாதை, நடுவுல கொரியன் புல்லு, ஒரு ஃபவுண்டன், பன்னெண்டு எல்இடி கம்பம், ஓரமா கோனோகார்பஸ் வேலி. சிமெண்ட்ல மான் சிலை ரெண்டு, வண்ணத்துப்பூச்சி சிலை ஒண்ணு.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், சார் வண்ணத்துப்பூச்சி சிலை இருக்கு, வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார ஒரு செடி இருக்கான்னு. எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா வரைபடம் மாறல.

அந்த இடத்துல இப்ப இருக்கறது: ரெண்டு பனை, ஒரு பெரிய வேம்பு, ஒரு விளா, ஒரு கொடுக்காப்புளி, எருக்கு நிறைய, பாதிக்கு மேல சீமைக்கருவேலம், நடுநடுவுல பேர் தெரியாத முள்ளுப்புதர். வடகிழக்கு மூலைல ஐப்பசி கார்த்திகைல முட்டளவு தண்ணி நிக்கும், தவளைச் சத்தத்துல தூங்க முடியாது. அடுத்த வாரம் ஜேசிபி வருது. அதுக்குள்ள என்ன சொல்லி நிறுத்தறது, நிறுத்தினா பதிலுக்கு என்ன பண்றது, விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கார்த்தி_சிவில்

ப்ரோ நான் கட்டுமானத் துறைல இருக்கேன், நாலஞ்சு பார்க் போட்டிருக்கேன், கசப்பா இருந்தாலும் சொல்றேன். பேவர் பிளாக்கை எல்லாரும் திட்டுவாங்க, ஆனா முட்டி வலிக்கற தாத்தா, வீல்சேர்ல வர்றவங்க, குழந்தை வண்டி தள்றவங்க, இவங்க எல்லாம் மண்ணுல நடக்க மாட்டாங்க. புதரை அப்படியே விட்டா ஆறு மாசத்துல உள்ள பாட்டில் கிடக்கும், ஒரு வருஷத்துல கட்டட இடிபாடு கொட்டுவாங்க, ரெண்டாவது வருஷம் இது யாருக்கும் வேணாத இடம்னு ஆயிடும். இதெல்லாம் நான் கண்ணால பார்த்தது. ஒழுங்கா இருக்கற இடத்துலதான் ஜனங்க குப்பை போட யோசிப்பாங்க.

கோனோகார்பஸ் மட்டும் வேணாம். வேர் பைப்புக்குள்ள போயிடும், மகரந்தம் அலர்ஜின்னு குஜராத்துல 2023லயே தடை பண்ணிட்டாங்க.

ரெண்டுபசங்கம்மா

நானும் ஒரு லேஅவுட்லதான் இருக்கேன், எங்களுக்கு இருக்கற ஒரே பயம் பாம்பும் கொசுவும்தான். இங்க எழுதற முக்காவாசி பேர் பசங்களை சாயங்காலம் விளையாட அனுப்பறவங்க இல்லன்னு நினைக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. புதர், குட்டை, சருகு இதெல்லாம் கேக்க அழகா இருக்கு. போன வருஷம் எங்க தெருவுல ரெண்டு பேருக்கு டெங்கு.

ஓய்வுவனவர்

தாம்பரத்தான் தம்பி, முதல் காரியமா அந்த ஜேசிபியை ஒரு மழை வரைக்கும் தள்ளிப் போடுங்க. என்ன காரணம் வேணா சொல்லுங்க, நாள் நல்லா இல்லன்னு கூட சொல்லுங்க. ஜேசிபி வாளி ஒரு தடவை மேல் மண்ணைச் சுரண்டிச்சுன்னா பதினஞ்சு வருஷமா மண்ணுக்குள்ள சேர்ந்த விதை, கிழங்கு, வேர்க்கட்டை எல்லாம் லாரில ஏறிப் போயிடும். அப்புறம் நீங்க லட்சக்கணக்குல செலவு பண்ணி அதையே நர்சரில வாங்கி நடணும், அதுல பாதி கிடைக்கவும் கிடைக்காது.

நான் முப்பது வருஷம் காட்டுல வேலை பார்த்தவன், ரிட்டயர் ஆகிட்டேன். நம்ம சோழமண்டலக் கரையோரம், சென்னைல இருந்து ராமநாதபுரம் வரைக்கும், இயற்கையா இருந்த காடு ஒரு விசித்திரமான காடு. வருஷத்துல ஆறேழு மாசம் காய்ஞ்சு கிடக்கும், மழை சென்னைப் பக்கமே ஏறக்குறைய 140 சென்டிமீட்டர்தான் அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகைல கொட்டித் தீர்த்துடும், ஆனாலும் இலை உதிர்க்காம பச்சையா நிக்கும். மரம் உசரமா இருக்காது, இலை சின்னதா தடிப்பா தோல் மாதிரி இருக்கும், முள்ளுக்கொடியும் புதரும் பின்னிக்கிட்டு ஆள் நுழைய முடியாம இருக்கும். வீரை, காயா, உலக்கைப்பாலை, குருந்து, வக்கணை, களா, காரை, சூரை இதெல்லாம் அந்த ஜாதி. இன்னைக்கு அது மிச்சம் இருக்கறது பெரும்பாலும் கோயில்காட்டுலதான். பாண்டிச்சேரி பக்கம் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்குப் போயிருக்கீங்களா, அங்க சாமிக்குப் பயந்து வெட்டாம விட்டதை நின்னு பாருங்க. ஒரு மரம் கூட பார்க்ல வைக்கற மரம் மாதிரி இருக்காது.

அதனால உங்க முள்ளுப்புதர் என்னன்னு பாக்காம கை வைக்காதீங்க. இலை ஜோடி ஜோடியா, முள்ளும் ஜோடியா, பழம் மஞ்சளா இனிப்பா இருந்தா அது காரை. முள்ளு கொக்கி மாதிரி வளைஞ்சு சட்டையப் பிடிச்சு இழுத்தா சூரை. ரெண்டும் கொண்டைக்குருவிக்கு மளிகைக்கடை.

சீமைக்கருவேலத்தை எடுத்தே ஆகணும், அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா ஒரே நாள்ல எடுக்காதீங்க. தவிட்டுக்குருவி கூடு கட்டறதும் கீரி பதுங்கறதும் இப்ப அதுலதான். மூணு பட்டையாப் பிரிச்சு வருஷத்துக்கு ஒரு பட்டை எடுங்க, எடுத்த இடத்துல நம்ம செடி தலை தூக்கின பிறகு அடுத்த பட்டை. மேலோட வெட்டினா பத்து கிளையா துளிர்க்கும், தூரோட பறிக்கணும். முதல் மழைக்கப்புறம் ஒரு இருபது நாள் கழிச்சு போய்ப் பாருங்க, தானா முளைச்சிருக்கற நல்ல செடி பக்கத்துல எல்லாம் ஒரு குச்சி நட்டு துணி கட்டிட்டு வாங்க. அதுதான் உங்க பார்க்கோட முதல் வரைபடம்.

மழைக்காகம்

ஐயா சொன்னதுக்கு மேல ஒண்ணு. எல்லா பார்க்கலயும் காலைல ஆறு மணிக்கு துடைப்பம் சத்தம் கேக்கும். சருகைக் கூட்டி ஓரத்துல குமிச்சு நெருப்பு வைப்பாங்க இல்லன்னா குப்பை வண்டில ஏத்துவாங்க. அதுதான் சுத்தமாம்.

அக்டோபர்ல வடக்க இருந்து ஆறுமணிக்குருவி வரும், பார்த்திருக்கீங்களா? வால் இருக்கா இல்லையான்னே தெரியாத குட்டைப் பறவை, வயித்துக்கடியில சிவப்பு, தோள்ல நீலம், முதுகு பச்சை. பொழுது விடியறப்பவும் சாயங்காலமும் ரெட்டை விசில் அடிக்கும், அதனாலதான் அந்தப் பேரு. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா காடு அங்க இருந்து ராத்திரில பறந்து நம்ம ஊருக்கு வருது. வர்ற வழியில களைச்சுப் போய் மொட்டை மாடில, பால்கனில விழுந்து கிடக்கும், வருஷா வருஷம் சென்னைல யாராவது ஒருத்தர் அட்டைப்பெட்டில வச்சுக்கிட்டு இது என்ன பறவைன்னு கேப்பாங்க. அது சாப்பிடறது மரத்து மேல இல்லைங்க, தரைல, சருகை அலகால ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளி அடியில இருக்கற பூச்சி புழுவைத்தான். கொரியன் புல்லுல அதுக்கு ஒண்ணும் கிடைக்காது. நீங்க ஆயிரம் மரம் வச்சு அடியில கூட்டிப் பெருக்கி வச்சா அந்தக் குருவிக்கு அது பொட்டல்தான்.

என்ன நடறோம்னு மட்டும்தான் எல்லாரும் பேசறோம். எதைச் செய்யாம விடணும்னு ஒரு பட்டியல் போடுங்க, அது சின்னதா இருக்கும், காசும் ஆகாது.

சும்மா_வந்தேன்

இவ்ளோ எதுக்கு, மியாவாக்கி முறைல நெருக்கமா மரம் நட்டு குட்டிக்காடு போட்டா முடிஞ்சுது. கோட்டூர்புரத்துல 2020ல மாநகராட்சி போட்டாங்களே, ரெண்டு வருஷத்துல காடு.

கோவைக்காரி

எங்கூர்ல ஒரு குளத்துக்கரைய அழகு பண்றேன்னு ஆரம்பிச்சாங்க. முன்ன அந்தக் கரைல நாணலும் கோரையுமா இருக்கும், நாமக்கோழி குஞ்சுகள கூட்டிக்கிட்டு திரியும், தூக்கணாங்குருவிக்கூடு முள்ளு மரத்துல தொங்கும். கரைய செங்குத்தா கல்லு வெச்சுக் கட்டி, மேல டைல்ஸ் போட்டு, கலர் லைட்டு. இப்ப சாயங்காலமானா நல்ல கூட்டமுங்க, நானுந்தான் பசங்கள கூட்டிட்டுப் போறேன், பொய் சொல்லக்கூடாது. ஆனா நாமக்கோழிக்கு தண்ணில இருந்து மேல ஏற வழி இல்ல. அதுக்கு ஒரு சரிவு வேணும், கால் வெக்க சேறு வேணும், ஒளிய கோரை வேணும். முழுக்கரையும் வேண்டாம், நாலுல ஒரு பங்கு விட்ருந்தா கூட போதும். வரைபடம் போட்ட ஆளு ஒரு தடவ காலைல அஞ்சரைக்கு வந்து குளத்தப் பாத்திருந்தா விட்ருப்பாரு.

இதே ஊர்லதான் சிங்காநல்லூர் குளத்த 2017ல நகர்ப்புற பல்லுயிர் பாதுகாப்பு மண்டலம்னு மாநகராட்சியே அறிவிச்சாங்க. அங்க போய் கரைல நின்னீங்கன்னா வித்தியாசம் தெரியும், கொஞ்சம் கலைஞ்ச மாதிரிதான் இருக்கும். கலைஞ்சிருக்கறதுனாலதானுங்க உயிரு தங்குது.

ஓய்வுவனவர்

சும்மா_வந்தேன் தம்பிக்கு. மியாவாக்கி மேல எனக்குக் கோபம் இல்ல, இடிபாடு கொட்டின இடத்துல, சாக்கடை ஓரத்துல, சீக்கிரம் நிழல் வேணும்ங்கற இடத்துல நல்ல முறைதான். சதுர மீட்டருக்கு மூணு நாலு கன்னு, ஆழமா மண்ணைக் கிளறி எரு போட்டு, ரெண்டு மூணு வருஷம் தண்ணி விட்டு வளர்க்கறது. ஆனா அந்த ஜப்பான் பெரியவர் அகிரா மியாவாக்கி சொன்னதோட உசிரே அந்தந்த ஊர்ல இயற்கையா இருந்த காடு எதுவோ அந்த ஜாதி மரத்தைத்தான் நடணும்ங்கறது. நம்ம ஊர்ல அடர்த்தியை மட்டும் எடுத்துக்கிட்டு ஜாதியை விட்டுட்டாங்க. கிடைச்ச கன்னெல்லாம் நடறாங்க. தேக்கு, மகாகனி, பாதாம் எல்லாம் ஒரே குழில.

இன்னொண்ணு, எல்லா இடமும் காடு இல்ல. கிண்டி தேசியப் பூங்காவை எடுத்துக்குங்க. 1978ல தேசியப் பூங்கா ஆச்சு, சுமார் 270 ஹெக்டேர், நாட்டுலயே ரொம்பச் சின்ன தேசியப் பூங்காக்கள்ல ஒண்ணு. அங்க புள்ளிமானும் இருக்கு வெளிமானும் இருக்கு. வெளிமானுக்கு வேண்டியது மரம் இல்ல, திறந்த புல்வெளி. எதிரி வர்றதை தூரத்துல இருந்து பாக்கணும், பாஞ்சு ஓடணும். அங்க போலோ மைதானம்னு சொல்ற வெட்டவெளி மாதிரி இடம்தான் அதுக்கு வீடு. நல்ல எண்ணத்துல அங்க மரம் நட்டு, தானா வந்த மரத்தையும் விட்டா வெளிமானை நாமளே வெளிய தள்றோம்னு அர்த்தம். மரம் நடறது புண்ணியம்தான், ஆனா எங்க நடக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கறதும் அதே அளவு புண்ணியம்.

உங்க 40 சென்ட்ல மான் வராது, சிலை மட்டும்தான் வரும். ஆனா தண்ணி நிக்கற மூலைல மரம் நடாதீங்க, அது குட்டைக்கான இடம்.

ரெண்டுபசங்கம்மா

நான் கேட்ட கொசு, பாம்பு ரெண்டுக்கும் யாரும் பதில் சொல்லல பாருங்க. வெளிமான் வரைக்கும் போயிட்டீங்க.

மழைக்காகம்

மன்னிச்சுக்குங்கக்கா, நியாயமான கேள்வி.

டெங்கு கொசு குட்டைல பொறக்கறத விட உங்க வீட்டு மொட்டை மாடில இருக்கற உடைஞ்ச பக்கெட், பூந்தொட்டித் தட்டு, டயர், தேங்காச் சிரட்டை இதுலதான் அதிகம் பொறக்குது. அதுக்கு வேண்டியது கொஞ்சூண்டு சுத்தமான அசையாத தண்ணி, தின்ன ஆளில்லாத தண்ணி. உயிரோட இருக்கற குட்டைல தும்பியோட குஞ்சு இருக்கும், தண்ணிக்கடியில வேட்டையாடும், கொசுப்புழுதான் அதுக்குச் சாப்பாடு. நீச்சல்பூச்சி இருக்கும். கொஞ்சம் நிரந்தரமான தண்ணின்னா நெத்தில வெள்ளிப் பொட்டு வச்ச மாதிரி ஒரு பொடிமீன் மேலாப்புல நிக்குமே, சின்ன வயசுல ஹார்லிக்ஸ் பாட்டில்ல பிடிச்சுட்டு வருவோமே, அது கொசுப்புழுவை விடாது. கொசுவுக்குன்னு கம்பூசியா மீனை மட்டும் விட்றாதீங்க. அது வட அமெரிக்கா சரக்கு, தலைப்பிரட்டையையும் நம்ம பொடிமீன் குஞ்சையும் சேர்த்துக் காலி பண்ணிடும். ஆபத்தான தண்ணின்னா அந்த வரைபடத்துல இருக்கற ஃபவுண்டன்தான், மோட்டார் ரிப்பேர் ஆன மறுநாள்ல இருந்து.

பாம்பு விஷயத்துல நான் சும்மா பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன். தாம்பரம் பக்கம் நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் உண்டு. ஆனா பாம்பு புதருக்காக வர்றதில்ல, எலிக்காக வருது. எலி வர்றது மிச்ச சோறு கொட்டற இடத்துக்கும் இடிபாட்டுக் குவியலுக்கும். அதனால குப்பைத்தொட்டி பார்க் வாசல்ல வேணாம், கல் குவியல் பாதை ஓரத்துல வேணாம், பாதைக்கு ரெண்டு பக்கமும் ஒரு மூணடி புல்லை ஒட்ட வெட்டி வைக்கணும், கால் வைக்கற இடம் கண்ணுக்குத் தெரியணும். பசங்க விளையாடற இடம் தனி, புதர் தனி, நடுவுல அந்த வெட்டின பட்டை. பொழுது சாஞ்சா டார்ச், செருப்பு. அவ்ளோதான் நம்மால செய்ய முடியும், அது பார்க் இல்லாத தெருவுக்கும் பொருந்தும்.

ரெண்டுபசங்கம்மா

சரி இது பதில். மூணடி பட்டை புரியுது.

செல்வா_சிங்கை

வேலைக்கு வந்த சிங்கப்பூர்ல பார்த்ததைச் சொல்றேன். நம்ம ஊரோட ஒப்பிட்டா பணக்கார ஊரு, அதை மனசுல வச்சுக்குங்க. பீஷான் அங் மோ கியோ பார்க், நான் தினம் ஓடற இடம், 62 ஹெக்டேர். முன்னாடி அதை ஒட்டி காலாங் ஆறு 2.7 கிலோமீட்டருக்கு நேர்க்கோட்டுல கான்கிரீட் கால்வாயா ஓடிச்சாம். அந்தக் கான்கிரீட்டை உடைச்சு, வளைஞ்சு நெளிஞ்சு மூணு கிலோமீட்டருக்கு மேல மண்கரை ஆறா மாத்தி 2012ல திறந்தாங்க. கரையை வேரும் கல்லும் வச்சுப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க. மழை பெஞ்சா பார்க்லயே ஒரு பகுதி ஆறாயிடும், அதுக்கு முன்னாடி சைரன் அடிக்கும், விளக்கு மின்னும், ஜனங்க மேல ஏறிடுவாங்க. மழை விட்டா திரும்ப பார்க். நீர்நாய்க் குடும்பமே வந்து தங்கிடுச்சு, யாரும் கொண்டு வந்து விடல.

உங்களுக்கு இதுல எடுத்துக்க வேண்டியது ஒண்ணுதான். தண்ணி நிக்கற மூலையை மண்ணு கொட்டி மேடாக்கணும்னு யாராவது சொன்னா விடாதீங்க. அந்த தண்ணி அப்புறம் யாரோ ஒருத்தர் வீட்டுக்குள்ளதான் போகும்.

தாம்பரத்தான்

அண்ணே கடைசி வரி சங்கத்துல நல்லா வேலை செய்யும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல மூணாவது தெருவுல ஆறு வீட்டுக்குள்ள தண்ணி. அந்த ஆறு வீட்டு ஓட்டு நிச்சயம்.

அடையாறு பூங்கா மாதிரி பண்ணலாம்னு ஒருத்தர் சொன்னார், உடனே இன்னொருத்தர் அது அரசாங்கம் பண்ணினது நம்மால ஆகுமான்னு உட்கார வச்சுட்டார். அதைப் பத்தித் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

ஓய்வுவனவர்

தொல்காப்பியப் பூங்கான்னு பேர் வச்சது. 58 ஏக்கர், 2011 ஜனவரில திறந்தாங்க. அதுக்கு முன்னாடி அந்த இடத்தைப் பார்த்தவங்களுக்குத்தான் அருமை தெரியும், கட்டட இடிபாடும் குப்பையும் சாக்கடையும், அடையாத்தோட ஓடை மூச்சுத் திணறிக் கிடந்துச்சு. இடிபாட்டை எடுத்து, தண்ணிக்குப் பள்ளம் தோண்டி, கடல் தண்ணி ஏறி இறங்கற ஓரத்துல அலையாத்திச் செடி, மேட்டுல நான் சொன்ன கரையோரக் காட்டு ஜாதி. நடவு வேலையைப் பாத்தது ஆரோவில் ஆளுங்க, அவங்க அந்தச் செம்மண் பொட்டல்ல 1968ல இருந்து இதே ஜாதி மரத்தை விதை பொறுக்கி வளர்த்துப் பழகினவங்க. ஆரம்ப வருஷங்கள்ல பொதுமக்களை இஷ்டத்துக்கு உள்ள விடல, பள்ளிக்கூடப் பசங்களைக் குழுவா கூட்டிட்டுப் போறதுதான் அதிகம். அப்ப நிறைய பேர் திட்டினாங்க, வரிப்பணத்துல பார்க் கட்டி பூட்டு போடறதான்னு. நானே யோசிச்சேன். ஆனா செடி வேர் பிடிக்கற காலத்துல கால் படாம இருந்ததுதான் அதைக் காப்பாத்துச்சு.

58 ஏக்கரை 40 சென்ட்ல பண்ண முடியாது. ஆனா உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, அவங்க குப்பைல இருந்து ஆரம்பிச்சாங்க, நீங்க விளா மரத்துல இருந்து ஆரம்பிக்கறீங்க.

கார்த்தி_சிவில்

ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன். நான் முதல்ல எழுதினதுல பாதியை வாபஸ் வாங்கிக்கறேன், பாதியை வாங்கல.

வாங்காதது: நடக்க கெட்டியான பாதை வேணும், பாக்கறவனுக்கு இது பராமரிக்கற இடம்னு தெரியணும். புதர் புதராவே இருக்கட்டும், ஆனா அதோட விளிம்பு கத்திரிச்ச மாதிரி இருக்கணும். மழைக்காகம் சொன்ன மூணடிப் பட்டை பாம்புக்கு மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் மனசுக்கும் அதுதான் மருந்து. ஒரு போர்டு வைங்க, இங்க காரை பழுக்குது, சருகு வேணும்னேதான் விட்டிருக்குன்னு. சோம்பேறித்தனம்னு நினைச்சவன் ஓஹோ திட்டம்னு நினைப்பான்.

வாபஸ் வாங்கறது: சுத்தி முழுக்க பாதை வேணாம். 40 சென்ட்ங்கறது ஏறக்குறைய 17,400 சதுர அடி. சுத்தி ஆறடி பாதை போட்டா கிட்டத்தட்ட 3,000 சதுர அடி பேவர்லயே போயிடும், அதுவும் வேலியோரமா, எங்க புதர் இருந்தா மறைவு கிடைக்குமோ அங்க. பாதையை தெரு பக்கமா ஒரு வளையமா போட்டு, பின்பக்கம் மூணுல ஒரு பங்கை ஆள் போகாத இடமா விடுங்க. துண்டு துண்டா பத்து பாத்தி வைக்கறத விட ஒரே திட்டா பின்னாடி விடறது மேல். பேவருக்கு அடியில கான்கிரீட் படுக்கை போடாம ஜல்லி மணல் மேல உட்கார வச்சா தண்ணி இறங்கும். மரத்தடியைச் சுத்தி ஒரு மீட்டர் எதுவும் போடக்கூடாது, டெல்லில 2013லயே பசுமைத் தீர்ப்பாயம் அப்படிப் போட்ட கான்கிரீட்டை எடுக்கச் சொல்லியிருக்கு. லைட் பன்னெண்டு எதுக்கு, பாதை ஓரத்துல முழங்கால் உயரத்துல அஞ்சு, மஞ்சள் வெளிச்சம், பத்து மணிக்கு டைமர்ல ஆஃப். பின்பக்கம் இருட்டா இருக்கட்டும்.

காசு குறையுது கவனிச்சீங்களா. ஃபவுண்டன், புல்லு, ஏழு கம்பம் மிச்சம்.

தாம்பரத்தான்

கார்த்தி ப்ரோ, இதை வரைஞ்சு தர முடியுமா, பீஸ் தர்றோம்.

அடுத்த தலைவலி செடி. நர்சரிக்குப் போனா எல்லாம் ராஜமுந்திரி பக்கம் கடியத்துல இருந்து லாரில வர்ற சரக்கு. நான் வீரை இருக்கான்னு கேட்டேன், அந்தத் தம்பி ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு ஃபைக்கஸ் பாண்டா இருக்கு சார் அதைவிட நல்லா இருக்கும்ங்கறான்.

கோவைக்காரி

பாண்டாவ விட்டுப்போட்டு கோயிலுக்குப் போங்க. தலமரம் எது எதுன்னு பாத்து அடியில விழுந்த விதைய கேட்டு வாங்குங்க, மகிழம் விதை நெறைய கெடக்கும். புங்கன், பூவரசு, நாவல், ஆத்தி எல்லாம் பைல போட்டு நீங்களே மொளைக்க வெக்கலாம். வனத்துறை நர்சரில கேளுங்க. அபூர்வ ஜாதிக்கு ஆரோவில் பக்கம் போய்த்தான் ஆகணும்.

வேலிக்கு ஆடாதோடையும் நொச்சியும் மாத்தி மாத்தி. பேர்லயே இருக்குல்ல, ஆடு தொடாது. இருமலுக்கு எல ஒடிக்க ஊரே வரும், அப்ப வேலிய யாரும் வெட்ட விட மாட்டாங்க.

மழைக்காகம்

புல்லுக்குப் பதிலா அந்த மூணடிப் பட்டைல பொடுதலை விடுங்க. பாட்டி பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவாங்களே அதேதான். தரையோட படரும், மிதிச்சாலும் தாங்கும், குண்டூசித் தலை மாதிரி பூ வருஷம் பூரா இருக்கும், சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் மொய்க்கும். எருக்கைப் பிடுங்காதீங்க, வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கறது அதுல. கறிவேப்பிலை ஒரு நாலு வைங்க, இலை ஓட்டை ஆனா மருந்தடிக்காம விடுங்க, அந்தப் புழுதான் அப்புறம் பறக்கப்போவுது. ஆவாரை ஒரு கொத்து வச்சா மஞ்சள் பூச்சிங்க வரும்.

கொடுக்காப்புளி மெக்சிகோ பக்கத்து மரம், நம்ம மரம் இல்ல, சொன்னா எங்க ஊர்ல அடிக்க வருவாங்க. ஆனா பரவுற தொல்லை கம்மி, கிளியும் பசங்களும் தின்னுது. இருக்கறது இருக்கட்டும்.

சும்மா_வந்தேன்

அப்ப குல்மோகர்? பார்க்னா அதுதானே அழகு.

ஓய்வுவனவர்

மடகாஸ்கர் மரம். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் மறுநாள் சென்னைத் தெருவுல விழுந்து கிடந்தது எதுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி. நம்ம வேம்பும் விழுந்துச்சு, சுத்தி கான்கிரீட் போட்டு வேரை நெரிச்சு வச்ச வேம்பு. அழகுக்கு சரக்கொன்றை வைங்க, சித்திரைல பாருங்க.

நடறது புரட்டாசி கடைசில. தலைவர் பிறந்தநாள் விழான்னு கோடைல நடாதீங்க.

தாம்பரத்தான்

(அஞ்சு மாசம் கழிச்சு)

என்ன ஆச்சுன்னு நாலு பேர் தனிச்செய்தில கேட்டீங்க, அதான் வந்தேன்.

சங்கக் கூட்டம் மூணு மணி நேரம். கார்த்தி ப்ரோ வரைபடத்தை பழைய வரைபடத்துக்குப் பக்கத்துல ஒட்டி, கீழ செலவை எழுதினேன். தண்ணி புகுந்த ஆறு வீடும் நம்ம பக்கம். 41 ஓட்டுக்கு 22 ஓட்டுன்னு ஜெயிச்சோம். ஆனா மான் சிலை போகல. அதுக்குக் காசு கொடுத்தவர் அப்பா ஞாபகார்த்தமா கொடுக்கறார், அதுல போய் வாதாட மனசு வரல.

எதிர்பார்க்காத சிக்கல் ஒண்ணு. சருகு கூட்டக்கூடாதுன்னு முடிவு பண்ணினதும் கூட்டற அக்கா என்கிட்ட வந்து, அப்ப என் கூலியைக் குறைப்பீங்களான்னு கேட்டாங்க. இங்க இவ்ளோ பேர் இவ்ளோ எழுதினோம், ஒருத்தருக்கும் இது தோணல, எனக்கும்தான். இப்ப பாதையை மட்டும் அவங்க கூட்டறாங்க, அந்தச் சருகை பின்பக்கத் திட்டுல கொண்டு போய் போடறாங்க, கன்னுக்குத் தண்ணி ஊத்தறது அவங்க பொறுப்பு, கூலி 1,500 கூட்டியிருக்கோம். எது காரை எது சூரைன்னு என்னை விட அவங்களுக்குத்தான் தெரியுது, செய்யூர் பக்கத்துக்காரங்க. விளா மரத்தடில தானா முளைச்சிருந்த ஏழு கன்னை அவங்கதான் கண்டுபிடிச்சு முள்ளு வச்சு அடைச்சாங்க.

முதல் பட்டை சீமைக்கருவேலம் எடுத்தாச்சு. நட்டது 130 கன்னு, போனது 38. அதுல பத்து ஆடு, மிச்சம் என் அவசரம், மழைக்கு முன்னாடியே நட்டுட்டேன். யாரோ ஒருத்தர் ராத்திரில வாசல்கிட்ட ரெண்டு கோனோகார்பஸ் நட்டு வச்சிருந்தார், பாவம் ஆசைப்பட்டு நட்டது, பேசி மாத்தி பூவரசு வச்சோம். குட்டைல இந்த மழைக்குத் தண்ணி நின்னுச்சு, பக்கத்து வீட்டுக்காரர் தவளைச் சத்தம்னு புகார் எழுதிக் கொடுத்தார். ஃபைல்ல வச்சிருக்கேன்.

ரெண்டுபசங்கம்மா

பாம்பு வந்துச்சா?

தாம்பரத்தான்

ஒரு சாரை. பார்க்ல இல்லைங்க, செயலாளர் வீட்டு கார் ஷெட்ல, எலி பின்னாடி.

மழைக்காகம்

ஆறுமணிக்குருவி?

தாம்பரத்தான்

இன்னும் பாக்கல. ஒரு நாள் காலைல ரெட்டை விசில் மாதிரி கேட்டுச்சு, பக்கத்து வீட்டு குக்கரா இருக்கலாம், உறுதியா சொல்ல மாட்டேன். சருகு அங்கங்க புரட்டிப் போட்ட மாதிரி இருக்கு, அது தவிட்டுக்குருவி வேலையாவும் இருக்கலாம்.

மான் சிலையை பொடுதலைப் பட்டைக்கு நடுவுல வச்சோம். கொம்பு நுனில தினம் சாயங்காலம் ஒரு கரிச்சான் வந்து உட்காருது. அங்க இருந்து பாஞ்சு பூச்சியைப் பிடிச்சுட்டு திரும்ப அதே கொம்புக்கு வருது.

கார்த்தி_சிவில்

ரெண்டாவது மான்?

தாம்பரத்தான்

குட்டை ஓரத்துல வைக்கச் சொல்லி இருக்கேன், மீன்கொத்திக்கு.